ரொசிட்டா இன்னும் ‘சோறு’ன்னு கத்தல

சொல்லிரலாமா, வேண்டாமா. சொல்லிரலாம். எந்திரிச்சு நாலு எட்டு வச்சா எங்க கோச் மதி மேடம் நிக்காவ, ‘மேடம், ரொசிட்டாவுக்குக் கை சரியில்ல’ன்னு காதுல போட்டா முடிஞ்சுது சோலி. ஆனா சொன்னபெறவு யாரு இறங்கணும்? நான்தான் இறங்கணும். எங்க காலேஜ் ஃபுட்பால் டீம்ல கீப்பருன்னு இருக்கது ரெண்டே பேரு. ஒருத்தி அந்தா கோல்ல நிக்கா, ரொசிட்டா. இன்னொருத்தி இந்தா பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டில் மூடியைத் திருகித் திருகித் தொறக்கேன், மூடுதேன், பேச்சியம்மாள், பி.ஏ. வரலாறு, ரெண்டாம் வருஷம். இன்னைக்குப் பைனல். ஹாஃப் டைம் முடிஞ்சு இப்பத்தான் திரும்ப விசில் அடிச்சிருக்காவ. நாங்க ஒரு கோல், கோயம்புத்தூர்க்காரிய ஒண்ணும் போடல. இன்னும் ஒரு பாதி தாங்கிட்டா கோப்பை எங்க கூட பாளையங்கோட்டைக்கு ரயிலேறிரும். தாங்குவாளா? அந்தக் கையை வச்சுக்கிட்டா? நான் போய்ச் சொன்னா இவளுவ என்ன சொல்லுவாளுவ? ‘பாத்தியாட்டி பேச்சியை, சீசன் பூரா பெஞ்சைத் தேச்சுக்கிட்டு இருந்தவ, பைனல்னதும் போட்டுக் குடுத்து எடத்தைப் பிடிச்சிட்டா’ம்பாளுவ. சொல்லாம இருந்து கோல் விழுந்துட்டா, ‘ஊரு கதையெல்லாம் பேசுத வாயி இதுக்கு மட்டும் பூட்டிக்கிச்சாக்கும்’பாளுவ. மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. இதுல திருச்சி வெயிலு வேற மண்டையைப் பொளக்கு.

நேத்து செமி பைனல்ல பட்ட அடி. ஆட்டம் முடியப் போற நேரம், எதிர் டீமுக்காரி ஒருத்தி காலைத் தூக்கி அடிக்கா, இவ பாஞ்சு பந்தைத் தட்டுதா, பந்தோட சேத்து அவ பூட்ஸும் கையில ஏறிருச்சு. எந்திரிச்சு சிரிச்சா. நாங்க எல்லாரும் அவளைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சோம், ஒருத்திக்கும் தெரியல. காலையில நான் பல்லு தேய்க்கப் போனா குழாயடியில நிக்கா, கொட்டுத தண்ணியில வலது கையைக் காட்டிக்கிட்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் வீங்கிப் போய், கத்திரிக்காய்க் கலரு. ‘யாத்தே’ன்னேன். ‘கத்தாத மூதி. டேப்பை எடுத்துட்டு வா, ரெண்டையும் சேத்து வச்சு சுத்து’ன்னா. சுத்தினேன். சுத்தச் சுத்த அவ குழாயையே பாத்துக்கிட்டு இருந்தா, மேல் உதட்டுல மட்டும் வேர்வை. ‘யாருட்டயும் சொல்லாத பேச்சி. அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு.’ உவரிக்காரி, எதுக்கெடுத்தாலும் அவுக ஊரு அந்தோணியார்தான். ‘உங்க அந்தோணியார் மேல நான் பண்ணுனா செல்லுமாட்டி?’ன்னேன். ‘செல்லும், அவரு பேய் பிடிச்சு யாரு வந்தாலும் சேத்துக்கிடுவாரு’ன்னா. அந்த நோவுலயும் நக்கலைப் பாரு. சத்தியம் பண்ணிட்டேன். பண்ணின வாய்தான் இப்ப அரிக்கு. யாருட்டயும்னா யாருட்டயும்தானே, அதுல மேடமும் சேத்திதானே, இல்ல டீம் பிள்ளையளை மட்டும் சொன்னாளா, மேடம் டீமுல வருவாவளா மாட்டாவளா. சத்தியத்துல ஓட்டை இருக்கான்னு தேடிட்டு இருக்கேன். நான் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

எப்படி நிக்கா பாரு. முட்டியை லேசா மடக்கி, ரெண்டு கையையும் முன்னால விரிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. கீப்பருன்னா பனைமரம் மாதிரி இருக்கணும்னுதான் எல்லாரும் நெனைப்பாவ, என்னைய எடுத்ததே அதுக்காகத்தான், காலேஜ் சேந்த மொத நாளு மதி மேடம் வராந்தாவுல நிறுத்தி ‘உன் ஒசரம் என்ன’ன்னு கேட்டாவ, நான் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்காவளோன்னு நெனச்சேன். இவ என் தோளுக்குத்தான் வருவா. ஆனா என்னமா பாயுதா. சின்ன வயசுல கடற்கரையில பையங்க கூட ஆடும்போது யாரும் நிக்க மாட்டேன்னு சொன்ன எடத்துல இவளை நிறுத்திட்டானுவளாம், கோலுன்னா என்ன, ரெண்டு செருப்பு. மணல்ல விழுந்து விழுந்து பழகினவ எங்க செம்மண் கிரவுண்டுலயும் மணலுன்னு நெனச்சே விழுவா, இடுப்புல தோலே இருக்காது, ஹாஸ்டல்ல ராத்திரி மருந்து போட்டு விடும்போது எனக்குக் கண்ணு கலங்கும், அவ குப்புறப் படுத்துக்கிட்டு ‘நாளைக்கு இட்லியா பூரியாட்டி’ன்னு கேப்பா. ஆட்டம் ஆரம்பிக்க முன்ன கோல் கம்பத்தைத் தொட்டுக் கும்பிடுவா, இடது கம்பம் அந்தோணியார், வலது கம்பம் மாதா. ‘அப்ப எங்க சாமிக்கு எடமில்லையா, வீட்டுக்காரி பாகப் பிரிவினை பண்ண மாதிரில்லா பண்ணிட்ட’ன்னு ஒரு நாள் கேட்டேன். மேல பாத்துட்டு, ‘அந்தக் குறுக்குக் கம்பி உங்க பேச்சியம்மன், எட்டாத ஒசரத்துல நீதான நிப்ப’ன்னா. சாமியச் சொன்னாளா என்னையச் சொன்னாளா தெரியல. எதைச் சொன்னாலும் இவ சொன்னா கேக்க நல்லாருக்கும். பொறாமை இல்லாமலா இருக்கு, இருக்கு. ஆனா அடுத்தவளைப் பாத்து வயிறும் எரிஞ்சு அதே வயிறு குளிரவும் செய்யும்னு எனக்கு இவளைப் பாத்துத்தான் தெரிஞ்சுது.

இந்தா, ஒரு லாங் பால் வருது, மேல எழும்பி இறங்குது, இது இவ பந்து, ஓடி வந்து ஏந்தினா போதும். ‘அடி! அடி!’ன்னு கத்துதா. சங்கவி தலையால முட்டி வெளிய தள்ளிட்டா. சங்கவி எங்க ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால நிக்கவ, மெட்ராசு வியாசர்பாடி, அங்கன பிள்ளைய தொட்டில்லயே பந்தை உதைக்கும் போல. முதல் பாதியில கார்னர்ல எழும்பி எங்க ஒத்தக் கோலைப் போட்டதும் அவதான். அடின்னு ஏன் கத்துனா? சோறுன்னுல்லா கத்தணும். இது வெளியாளுக்குப் புரியாது. சீசன் மொத மேட்சுல நாங்க தோத்தது ஒரு சொல்லாலதான். பந்து இதே மாதிரி இறங்குது, ரொசிட்டா பின்னால இருந்து ‘விடு! விடு!’ன்னு கத்துதா. எங்க பக்கம் விடுன்னா தொடாத, நான் பாத்துக்கிடுதேன்னு அர்த்தம். சங்கவிக்கு அது ‘வுடு’ன்னு விழுந்திருக்கு, அவுக ஊருல ‘ஒண்ணு வுடு’ன்னா ஓங்கி ஒரு சாத்து சாத்துன்னு அர்த்தமாம். சாத்திட்டா. திரும்பி நின்னு சாத்தினது நேரா எங்க கோலுக்குள்ளயே போய் விழுந்துச்சு. வேன்ல வரும்போது பாக்கணுமே. ‘விடுன்னா விடணும்ட்டி!’ ‘அதான் வுட்டேன்றேனே, இன்னும் இன்னா வுடச் சொல்ற!’ ‘ஏன் அடிச்சன்னு கேக்கேன்!’ ‘நீதான வுடுன்ன!’ ‘விடுன்னா யாராவது அடிப்பாவளாட்டி?’ ‘வுடுன்னா வேற இன்னாடி பண்ணுவாங்க, பொங்கலா வைப்பாங்க?’ ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே சண்டை போடுதாளுவ, எங்களுக்கோ தோத்த துக்கத்துலயும் சிரிப்பை அடக்க முடியல.

வழியில ஒரு ஓட்டல்ல வண்டியை நிறுத்தி மேடம் சொன்னாவ, ‘உவரிக்கும் வியாசர்பாடிக்கும் ஒரே அர்த்தம் உள்ள சொல்லு ஒண்ணு கண்டுபிடிங்க, கண்டுபிடிக்காம எவளும் வண்டியில ஏறக் கூடாது.’ விசிலை வாயில கடிச்சுக்கிட்டேதான் பேசுவாவ, பாதி சொல்லு காத்தாத்தான் வரும். ஒருத்தி என்னுதுன்னா, ஒருத்தி கீப்பருன்னா, ஒண்ணும் சரிப்பட்டு வரல. சர்வர் வந்து டிபனா சாப்பாடான்னு கேட்டாரு. அழுது அழுது பசியில இருந்த சங்கவி ரெண்டு கையையும் தூக்கி, ‘சோறு! எனக்கு சோறு!’ன்னு கத்துனா பாரு, ஓட்டலே திரும்பிருச்சு. ரொசிட்டா மூக்கைத் துடைச்சுக்கிட்டு, ‘அதாம்ட்டி. சோறுன்னா என் பங்கு, எவளும் கை வைக்கக் கூடாது’ன்னா. அடிக்கணும்னா அடி. அடின்னா எந்த ஊருலயும் அடிதான். அன்னையிலிருந்து தமிழ்நாட்டுல ஒரு கிரவுண்டு பாக்கியில்லாம ‘சோறு! சோறு!’ன்னு கத்திக்கிட்டு ஒரு கீப்பர். மதுரையில ‘யம்மா, அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சோத்தைப் போடுங்கப்பா’ன்னு ஒருத்தர் வேலிக்கு வெளிய இருந்து சத்தம் போட்டாரு. சிரிச்ச கூட்டம் ஆட்டம் முடியும்போது இவளுக்காகக் கையைத் தட்டிக்கிட்டு நின்னுச்சு. சோறுன்னு சத்தம் வந்தா சங்கவி திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, தலையைக் குனிஞ்சுக்கிடுவா, பந்து அவ கொண்டையை உரசிட்டுப் போயி ரொசிட்டா நெஞ்சுல உக்காரும். புருஷன் பொண்டாட்டிகூட அப்படி நம்ப மாட்டாவ. மழையில ஆடினோம், முள்ளு பொறுக்கிட்டு ஆடினோம், பரீட்சை எழுதின மையோட வந்து ஆடினோம், ஜெயிச்சுக்கிட்டே வந்தோம், நான் பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன். இப்படி ஒரு கூட்டத்தைப் பக்கத்துல இருந்து பாத்ததே போதும்னு தோணும் சில நாளு. சில நாளு தோணாது.

ஆனா இன்னைக்கு, இந்த செகண்ட் ஹாஃப்ல, ஒரு சோறு வரல. அடி, அடி, அடி, இது மட்டும்தான். பிடிக்க வேண்டிய பந்தையெல்லாம் சங்கவிட்ட தள்ளுதா. ஒண்ணை முஷ்டியால குத்தினா, அதுவும் இடது கை. சங்கவி இப்பத் திரும்பிப் பாத்தா, ரெண்டாந்தடவையா பாக்கா. ‘இன்னாடி ஆச்சு?’ன்னு வாயை அசைச்சுக் கேக்கா, இவ கையை ஆட்டி முன்னால பாருன்னு காட்டுதா. சங்கவிக்குத் தெரிஞ்சிருச்சு. காது கேட்டே தெரிஞ்சுக்கிட்டா. கோயம்புத்தூர்க்காரியளுக்கும் தெரிய எம்புட்டு நேரமாகும்? அவளுவ ஒன்பதாம் நம்பர்க்காரி ஒருத்தி இருக்கா, நல்ல ஆட்டக்காரி, பொய் சொல்லக் கூடாது, கால்ல பந்து ஒட்டிக்கிட்டே வருது, முதல் பாதி பூரா தரையோட அடிச்சவ இப்ப மேல தூக்கி அடிக்க ஆரம்பிச்சிருக்கா. மோப்பம் பிடிச்சிட்டா. இந்தா அடிக்கா, ஐயோ, ரொசிட்டா கை தூக்குதா, வலது கை, பந்து விரல்ல பட்டு, எம்மா, கம்பியில டங்குன்னு அடிச்சு வெளிய போயிருச்சு. பேச்சியம்மா! குறுக்குக் கம்பி! எந்திரிச்சுட்டேன் நான், பாட்டில் உருண்டு போயிருச்சு. ரொசிட்டா முட்டிபோட்டுக் கெடக்கா, பூட்ஸ் கயிறு கட்டுத மாதிரி. கயிறெல்லாம் கட்டல. கையை வயித்துக்குள்ள அமுக்கிக்கிட்டுக் கெடக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்ங்கது என்ன கொடுமை.

சொல்லப் போறேன். ஏன் இன்னும் உக்காந்திருக்கேன்? கால்ல என்ன சங்கிலியா போட்டிருக்கு? சத்தியத்துக்குப் பயந்தா? பிள்ளைய என்ன சொல்லுவாளுவன்னா? இல்லட்டி பேச்சி, உள்ளதைச் சொல்லு, இங்க வேற யாரும் கேக்கல. இறங்கணுமேன்னு பயம். மார்கழியில ஒரு பயிற்சி ஆட்டத்துல என்னைய நிறுத்தினாவ. எத்தனை விழுந்துச்சுன்னு கேக்காத, நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொண்ணு விழும்போதும் வலையில இருந்து பந்தைக் குனிஞ்சு எடுக்கணும்லா, அந்தக் குனியுததுதான், முதுகுக்குப் பின்னால அத்தனை கண்ணு. அதுக்குப் பெறவு பந்து வேகமா வந்தா என் தோளு தானா ஒரு பக்கம் ஒதுங்கும், மாடு முட்ட வந்தா ஒதுங்குமே அப்படி. கோலைக் காக்க நிக்கவ ஒதுங்குனா வெளங்குமா. அதுலருந்து நானே என்னையப் பகடி பண்ண ஆரம்பிச்சேன், அடுத்தவ பண்ணுததுக்கு முன்ன நாமளே பண்ணிட்டா வலிக்காது பாரு. பந்திக்கு முந்து படைக்குப் பிந்து, அதுதான் பேச்சி, பெஞ்சுக்கு ஒரு ராணி வேணும்லா, இந்தப் பெஞ்சு நான் இல்லாட்டி அழும், இப்படி வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவேன், வேனே சிரிக்கும். ரொசிட்டா சிரிக்க மாட்டா. எல்லாருக்கும் முன்ன சிரிக்கவ இதுக்கு மட்டும் சிரிக்காம சன்னல் வழியா வெளிய பாப்பா. அப்ப எனக்கு எரிச்சலா வரும், பெரிய இவ, என் தமாசுக்குச் சிரிச்சா முத்து உதிர்ந்துருமோன்னு.

எந்திரிச்சாச்சு, நடந்தாச்சு. மேடம் கோட்டுக்குப் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்காவ, சேலைத் தலைப்பை இடுப்புல சொருகி, விசில் வாயில. ‘மேடம்.’ திரும்பல. ‘மேடம், ரொசிட்டாவுக்கு விரலு…’ ‘தெரியும்.’ மேடம் கண்ணு கிரவுண்டுலயே இருக்கு. ‘மத்தியானமே வந்து காட்டிட்டா. பிள்ளையளுக்குத் தெரிஞ்சா பயந்திருவாளுவ, சொல்லாதீங்கன்னா. நீ நிக்க வேண்டாம், பேச்சி நிக்கட்டும்னு சொன்னேன். பேச்சிட்ட நானே கேட்டுட்டு வாரேன்னு போனா. திரும்பி வந்து, இன்னைக்கு அவ வேண்டாம் மேடம், நானே நின்னுக்கிடுதேன்னா.’ ‘எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே மேடம்’ங்கேன், சொல்லும்போதே நெனப்பு வந்துருச்சு. கேட்டா. கேக்கத்தான் செஞ்சா. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுத எடத்துல, நான் வாயைக் கொப்பளிச்சுக்கிட்டு இருக்கேன், ‘இன்னைக்கு நீ நிக்கியா பேச்சி?’ன்னா. நான் அவ மூஞ்சியைக்கூடப் பாக்கல. ‘நானா? கோட்டியா பிடிச்சிருக்கு எனக்கு? நான் நிக்கதுக்குக் கோப்பையை அவளுவ வீட்டுலயே கொண்டு குடுத்துட்டு வந்துரலாம்’னு சொல்லி நானே சிரிச்சேன். அவ சிரிக்கல. ‘சரி, விடு’ன்னா. விடு! நான் அதை, போகுது மறந்துருன்னு எடுத்துக்கிட்டேன். அவ கோல்ல நின்னு கத்துத விடுல்லா அது, தொடாத, நான் பாத்துக்கிடுதேன்னு. சங்கவியை அம்புட்டு சிரிச்சேனே, அதே சொல்லை நானும்லா தப்பாக் கேட்டுட்டேன். நான் அவ கையை மூடி மறைக்கேன்னு சத்தியத்தைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன், அவ என் பயத்தை மறைச்சுக்கிட்டு ஒடிஞ்ச விரலோட நிக்கா. ‘அவளைத் தள்ளி இறக்காதீங்க மேடம், தானா எந்திரிச்சு வந்தா இறக்குங்கன்னு சொல்லிட்டுப் போனா. அதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்’ங்காவ மேடம். இப்பவும் திரும்பல.

‘நான் நிக்கேன் மேடம்.’ அப்பத்தான் திரும்பினாவ. விசிலை வாயில இருந்து எடுத்தாவ, விசில் இல்லாத வாயை நான் அம்புட்டு பக்கத்துல பாத்ததே இல்ல. ‘பயமா இருக்கா?’ ‘இருக்கு மேடம்.’ ‘சரி. போய் க்ளவுசைப் போடு.’ க்ளவுஸு போட்டா விரலு ஒண்ணு இன்னொண்ணோட வீட்டுக்குள்ள போகுது. பந்து வெளிய போன நேரம் பாத்து லைன்காரர் கொடியைத் தூக்கிட்டாரு. ரொசிட்டா திரும்பிப் பாக்கா. என்னையப் பாக்கா. ஓடி வரல, நடந்து வாரா, நேரம் போகட்டும்னு நடக்காளா, முடியாம நடக்காளா தெரியல. கோட்டுல வந்து நின்னா. ‘மேடத்துட்ட சொல்லிட்டியா?’ ‘சொன்னேன்.’ ‘சத்தியம்?’ ‘உங்காளு கேட்டா நான் பேசிக்கிடுதேன்.’ சிரிக்கப் போறாளா அழப் போறாளான்னு பாக்கதுக்குள்ள கிரவுண்டு பக்கம் திரும்பிட்டா. ‘ஒன்பதாம் நம்பரு வலது கால்தான். இடதுல வந்தா ஏமாத்துதான்னு அர்த்தம். தரையோட வந்தா முட்டியை மூடு. கார்னர்னா உள்ளயே நிக்காத, வெளிய வந்துரு, நீ கையைத் தூக்குனா எவளுக்கும் எட்டாது. உனக்குத் தெரியாது பேச்சி, பயிற்சியில நீ பிடிக்குத பந்து எனக்கு எட்டவே எட்டாது. நான் உன்னையப் பாத்துப் பாத்துல்லா பொருமுவேன்.’ இவளா? என்னையப் பாத்தா? நல்ல நேரம் பாத்துச் சொல்லுதா பாரு. முதுகுல ஒரு அடி வச்சா, இடது கையால. நல்ல அடி.

கோல் இம்புட்டுப் பெருசா? பெஞ்சுல இருந்து பாத்தா வீட்டு வாசல் மாதிரி இருந்துச்சு, உள்ள நின்னா கோயில் கோபுர வாசல் மாதிரி இருக்கு. சங்கவி ஓடி வந்து ‘கத்துடி, வாயைத் தொறந்து கத்து, இத்தினி நாளு பேசுன இல்ல’ங்கா. சரிங்கேன், சத்தம் வரல. ஒரு பந்து பக்கத்துல போச்சு. ஒண்ணு தரையோட வந்துச்சு, முட்டியை மூடினேன், முட்டியில பட்டு எங்கயோ போச்சு, சங்கவி அடிச்சா. நேரம் நகரவே மாட்டேங்குது. கடைசி நிமிஷத்துல ஒரு கார்னர். அவளுவளுக்கு. எல்லாருமே உள்ள வந்துட்டாளுவ, அவளுவ கீப்பரு உட்பட, என் மேல மூச்சு விடுதாளுவ, ஒருத்தி என் காலை மிதிக்கா. ஒதுங்கிருவேனோ. தோளு ஒதுங்கிருமோ. ஒதுங்குனா ஒதுங்கட்டும்னு இல்ல, ஒதுங்கக் கூடாது, அவ விரலு, ஒதுங்கக் கூடாது. பந்து வருது.

வெளிய வந்தேன். கையைத் தூக்கினேன். ஒருத்தி முழங்கை விலாவுல ஏறுச்சு.

பந்து கையில இருந்துச்சு.

கீழ கெடந்தேன், பந்தை நெஞ்சோட சேத்து அமுக்கிக்கிட்டு, வாயெல்லாம் மண்ணு. மேல ஒருத்தி கெடந்தா, அவ எந்திரிச்சுப் போனா. விசில் சத்தம் ஒண்ணு, நீளமா. சங்கவி என் கழுத்தைக் கட்டிக்கிட்டு என்னமோ கத்துதா, எல்லாரும் ஓடி வாராளுவ, விழுதாளுவ, நான் அவளுவ கைக்குள்ள இருந்து உருவிக்கிட்டு எந்திரிச்சேன். பந்தோட கிரவுண்டுக்குக் குறுக்க ஓடினேன். ரொசிட்டா பெஞ்சுல நான் உக்காந்திருந்த எடத்துல உக்காந்திருந்தா, வலது கையில ஐஸ் மூட்டை, மூஞ்சி பூராக் கண்ணீரு, தொடைக்கக் கூட இல்ல. பந்தை அவ மடியில வச்சேன். இடது கையை அதுக்கு மேல போட்டு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. நான் பக்கத்துல உக்காந்தேன். ரெஃபரி வந்து பந்தைக் கேட்டாரு. ரொசிட்டா குடுக்கல.